செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: நம் சிறார் குழுவின் முதல் ஆண்டு

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரியில் நம் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். குடிநீர், தெருவிளக்கு, குப்பை வண்டி வரும் நேரம் ஆகியவை குறித்துக் கொடுத்த மனுக்களும் அவற்றுக்கு வந்த பதில்களும் கோப்பில் உள்ளன. வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியே வாசிப்பார். தலைவர் ஐயாவின் அனுமதியோடு எனக்குள்ள நேரத்தின் பெரும்பகுதியைச் சிறார் குழுவுக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் அவர்களை வளர்ப்பவர்களும் சேர்ந்து செய்ய ஏதாவது வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். அது என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

இந்த ஓராண்டில் எனக்கு உறுதியாகப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமுதாயக் கூடத்தில் நடத்திய நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் நன்றாக வந்தது. வண்ணத்தாள் வெட்டினோம், முகமூடி செய்தோம், படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். வீடுவரை போய்த் தங்கியவை வேறு. சமையலறையிலும் வாசலிலும் தினமும் நடக்கிற வேலையில் பிள்ளைக்கு ஒரு பங்கு கொடுத்த வீடுகளில்தான் பழக்கம் மாதக்கணக்கில் நீடித்தது. கடையில் வாங்கிய பொருள் தீர்ந்தால் அந்த விளையாட்டும் தீர்ந்துவிடுகிறது. துணி மடிப்பதும் பூண்டு உரிப்பதும் மொச்சை பிதுக்குவதும் என்றைக்கும் தீராது.

மாம்பழப் பருவத்தில்தான் தொடங்கினோம். மே, ஜூனில் நம் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு மூலையில் பெங்களூராவோ செந்தூராவோ பழுத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை, கழுவுவது. ஒரு அகலமான பேசினில் தண்ணீர், ஒரு பழைய துணி, அவ்வளவுதான். கழுவியதைப் பெரியது சிறியது என்று பிரிப்பார்கள், முகர்ந்து பார்த்துக் காய் எது பழம் எது என்று சொல்வார்கள். காம்புப் பால் பட்டால் தோல் புண்ணாகும் என்பதால் காம்பு கிள்ளும் வேலையைப் பெரியவர்கள் வைத்துக்கொண்டார்கள். பிறகு கொட்டை. சதையைச் சப்பி முடித்த கொட்டையைப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி, மொட்டைமாடியில் சில நாள் காயவிட்டால் நார் வெளுத்து நிமிர்ந்துகொள்ளும். பெங்களூராவில் நார் குறைவு, நாட்டு மாங்கொட்டைதான் இதற்குச் சரி. நாரைத் தாடியாக விட்டு, கரித்துண்டால் கண் வரைந்தால் ஒரு தாத்தா வந்துவிடுவார். நாலு வயதுப் பெண் ஒருத்தி அந்தத் தாடியைச் சீப்பால் வாரிக்கொண்டே, “தாத்தாவுக்குச் சிக்கு விழுந்திருக்கு, எண்ணெய் கொடும்மா” என்றாள். அவள் அம்மா எழுந்துபோய் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயை அவள் உள்ளங்கையில் விட்டார். பாவாடை அழுக்காகும் என்று சொல்லவில்லை, இதெல்லாம் பொம்மை என்று திருத்தவும் இல்லை. அன்று கூடத்தில் நான் பார்த்தவற்றில் என் மனதில் அதிகம் நின்றது அந்த ஒரு சொட்டு எண்ணெய்தான்.

அடுத்து, எல்லாக் கூட்டத்திலும் எழுந்த கேள்வி: “நேரத்துக்கு எங்கே போறது?” ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம் தெருக்களில் நிறைய. முன்பெல்லாம் அப்பாக்கள், இப்போது அம்மாக்களும். கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே வந்து நிற்கிறது. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் படுக்கப் போகும் நேரத்தில் பிள்ளை எழுந்திருக்கும். இவர்களிடம் பிள்ளையோடு நேரம் செலவிடுங்கள் என்று உபதேசம் செய்வது நியாயமே இல்லை. வழி சொன்னவரும் ஷிப்டுக்குப் போகிற ஒரு தகப்பன்தான். வாசல் கதவுக்கு உட்பக்கம் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சிலேட்டை மாட்டினார். வேலைக்குக் கிளம்பும்போது அதில் பாதிப் படம் போட்டுவிட்டுப் போவார். ஒரு வட்டம் இருக்கும், சில நாள் ரெண்டு கால் மட்டும் இருக்கும். மீதியை மகன் போட வேண்டும். ஒரு நாள் அவர் விட்டுப்போன வட்டம் காலையில் அணையின் மதகாக மாறியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் கோடு கோடாக இறங்கி மரச்சட்டத்தையும் தாண்டிச் சுவரில் வழிந்திருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை கே.ஆர்.பி. அணைக்குப் போய் வந்தார்களாம். தகப்பன் சுவரைப் பார்த்துக் கோபிக்கவில்லை. “சூப்பர்டா” என்று சொல்லிவிட்டுப் படுக்கவும் போகவில்லை. “இந்தத் தண்ணி எங்கடா போகுது?” என்று கேட்டார். வயலுக்கு, தக்காளிக்கு, மாட்டுக்கு, அவ்வா (பாட்டி) வீட்டுக்கு என்று பையன் சொல்லிக்கொண்டே போனானாம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ‘நல்லா இருக்கு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘இது என்ன, சொல்லு’ என்றால் அங்கிருந்துதான் பேச்சு ஆரம்பிக்கும். குறைந்த நேரமே உள்ள பெற்றோருக்கு இந்த ஒரு பழக்கம் பெரிய துணை. இப்போது இன்னும் சில வீடுகளில் கதவுக்குப் பின்னால் சிலேட்டு தொங்குகிறது. ஒரு வீட்டில் அம்மா ஷிப்டுக்குப் போகிறார், அங்கே படம் போடுவது அவர் வேலை.

கைப்பேசி பற்றிப் பேச ஒரு குழந்தைநல மருத்துவரை அழைத்திருந்தோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலை எளிமையாகச் சொன்னார். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது. ஒன்று முதல் நான்கு வயதுவரை நாள் முழுக்கச் சேர்த்துக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும். இந்தியக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பும் 2021இல் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறது. வெளியூரில் இருக்கும் அப்பாவோடும் தாத்தா பாட்டியோடும் வீடியோ காலில் பேசுவதை மட்டும் விலக்காக வைத்திருக்கிறார்கள். கேட்ட தாய்மார்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. அடுப்பில் குழம்பு, இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று என்று தனியாக நிற்கிற பெண் போனைக் கொடுத்தால் குற்றம் அவருடையது மட்டும் அல்ல. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் மற்றவர் கையிலும் ஒரு போன் இருக்கிறது. ஆகவே சாப்பிடும்போது பெரியவர்கள் எல்லாரும் போனை அலமாரியில் வைப்பது என்று முடிவெடுத்தோம். பிள்ளைக்குத் தனி விதி எதுவும் போடவில்லை. எல்லா வீட்டிலும் நடக்கிறது என்று சொல்லமாட்டேன். நடக்கிற வீடுகளில் பிள்ளைகள் சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள்.

மார்கழி, தை மாதங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பச்சை மொச்சை சந்தைக்கு வந்ததும் நம் வீடுகளில் ராகிக் களிக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைப்பது வழக்கம். உரித்து ஊறவைத்த மொச்சையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அழுத்தினால் தோல் கையில் நின்றுவிடும், பருப்பு துள்ளி வெளியே ஓடும். எங்கே ஓடும் என்று தெரியாது, சுகமே அதில்தான். ஒரு மாலை வேப்பமரத்தடியில் பாய் விரித்து, நடுவில் பெரிய குண்டான் வைத்து, சுற்றி மூன்று தலைமுறையும் உட்கார்ந்தோம். முதலில் பருப்பு பாட்டி மடியில் விழுந்தது, பக்கத்து வீட்டு அண்ணன் சட்டைப்பையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நாலு வயதுப் பையன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் குண்டானுக்குள் குறிவைத்தான். குழம்பு கொதித்தபோது, “என்னோடது எது?” என்று கேட்டு எட்டிப் பார்த்தான். காய்கறியே தொடாத பிள்ளை என்று அவன் அம்மா சொல்லியிருந்தார். அன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அதே மாலை ஒரு தாய் தன் மூன்றரை வயது மகளின் வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பக்கம் பக்கமாக எழுத்து. பிள்ளை பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது. எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை, பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. பென்சில் பிடிக்க விரல் நுனியில் வலு வேண்டும். தோளும் மணிக்கட்டும் நிலைக்க வேண்டும். அந்த வலு பிசைவதிலும் பிதுக்குவதிலும், காகிதம் கிழிப்பதிலும், ஈரத்துணி பிழிவதிலும், கோலப்பொடியைக் கிள்ளி விடுவதிலும் வருகிறது. இதை நாம் பள்ளியிடம் மரியாதையாகச் சொல்லலாம், சொல்ல வேண்டும். அந்தத் தாய் இப்போது தினமும் ராகி மாவு பிசையும்போது மகளுக்கு ஒரு உருண்டை கொடுத்துவிடுகிறார். அதில் பாம்பு, முறுக்கு, இட்லி எல்லாம் வருகிறது. எழுத்தும் ஒரு நாள் வரும்.

கதை நேரம் தானாக அமைந்தது. நம் பகுதியில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள் என்று எல்லாரும் இருக்கிறோம். பிள்ளைக்குக் குழப்பமாகும் என்று சிலர் வீட்டுமொழியை நிறுத்திவைத்திருந்தார்கள். அப்படிப் பயப்பட வேண்டாம், சிறு பிள்ளைகள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைச் சேர்ந்தே கற்பார்கள் என்று மருத்துவரும் சொன்னார். ஒரு அவ்வா தெலுங்கில் நரிக் கதை சொன்னபோது தெலுங்கு தெரியாத பிள்ளைகளும் நரி வரும் இடத்தில் சரியாகச் சிரித்தார்கள். கையும் கண்ணும் அவ்வளவு பேசின.

புத்தகப் பை பற்றிச் சுருக்கமாக. உறுப்பினர்கள் கொடுத்த சிறுவர் படப் புத்தகங்களைத் துணிப்பையில் போட்டு வீடு வீடாக மாற்றிக்கொள்கிறோம். மாவட்ட மைய நூலகத்தில் பெற்றோர் உறுப்பினராகச் சேர்ந்தும் எடுத்துவரலாம். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் தமிழ்ப் படக்கதைகளுக்கு விலை குறைவு. பிள்ளை ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்து காத்திருப்பது அந்த வயதுக்கு உரிய சந்தோஷம், சொற்கள் மனதில் பதிவதும் அப்போதுதான்.

அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போனோம். எல்லாவற்றையும் காட்டவில்லை. நடுகல் மட்டும். கல்லில் நிற்கிற வீரன் எந்தக் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பார்த்து அதேபோல் நிற்கச் சொன்னோம். வீட்டுக்கு வந்து களிமண்ணில் அழுத்திச் செய்து பார்த்தார்கள்.

ஐந்து வயது நிறைந்தவர்களுக்கு, மருந்து நீக்கிய தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப் துண்டையும் சேர்த்து முக்கோணம், வீடு, பந்தல் கட்டும் விளையாட்டைக் காட்டினோம். 1970களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதிப் பள்ளிகளோடு வேலை செய்தபோது அரவிந்த் குப்தா உருவாக்கியது அது. 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய செய்முறைகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது, முக்கோணம் சாய்வதில்லை. இதைக் கண்டுபிடித்த சிறுமி தன் வீட்டுக் கூரையைப் பார்க்க ஓடினாள்.

பாதுகாப்பு விஷயத்தில் எல்லாரும் கண்டிப்பாக இருக்க வேண்டும். புளியங்கொட்டை, நிலக்கடலை, மொச்சை, மணி, டியூப் துண்டு எல்லாம் சிறு பிள்ளைகளுக்கு மூக்கிலும் காதிலும் தொண்டையிலும் போகக்கூடியவை. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொட்டாங்குச்சி, டம்ளர், கரண்டி போன்ற பெரிய பொருள்களே போதும். பல்லாங்குழி பலகையை அவர்களிடம் கொடுத்தால் பக்கத்திலேயே ஒருவர் உட்கார வேண்டும். பேசினில் தண்ணீர் விளையாட்டு என்றால் நகரவே கூடாது. சில அங்குலத் தண்ணீரும் ஆபத்துதான். விளையாடி முடிந்ததும் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள்.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். கூடத்துக்குப் பின்புறம் ஒரு மணல் தொட்டி வேண்டும். பூனையும் தேளும் வராமல் இருக்க மூடியும் வேண்டும். வேப்பமரத்தடியில் இருசக்கர வாகனங்கள் நிறுத்துவதை மாலை 5 மணி முதல் 7 மணி வரை தவிர்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஓட வேறு இடம் இல்லை என்பதால் இதைக் கையெடுத்துக் கேட்கிறேன். அப்பாக்கள் இன்னும் வர வேண்டும். வந்தவர்களின் பிள்ளைகள் அன்று எப்படி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்பதை நாமெல்லாம் பார்த்தோம்.

பாயும் குண்டானும் கொடுத்த வீடுகளுக்கும், மரத்தடியைப் பெருக்கி வைத்த தூய்மைப் பணியாளர் அக்காமார்களுக்கும், தன் மையத்துப் பிள்ளைகளோடு வந்து எங்களுக்கும் சொல்லிக்கொடுத்த அங்கன்வாடி டீச்சருக்கும், கட்டணம் வாங்காமல் பேசிய மருத்துவருக்கும் சங்கத்தின் நன்றி. மணல் தொட்டிக்கான செலவை நிர்வாகக் குழு முடிவு செய்ய ஒப்புதல் தந்து, இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்