பூசணி வண்டு: வலிகாமத்துக் கமக்காரர் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

பூசணி, கெக்கரி, பீர்க்கு முளைத்து இரண்டு இலை விட்டதும் செம்மஞ்சள் வண்டு வந்து மொய்க்கிறது. மருந்தடித்த சில நாளில் திரும்பவும் வருகிறது. மருந்து பழகிவிட்டது என்று அடுத்த போத்தலை வாங்குகிறார்கள். அந்த வண்டு வளர்ந்து வருவது மண்ணுக்குள் என்பதைக் கணக்கில் எடுத்தால் பாதிப் போத்தல் மிஞ்சும்.

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காணவேண்டும். பூசணி வண்டு 6 முதல் 8 மில்லிமீற்றர் நீளம். மேலே செம்மஞ்சள், வயிறு கறுப்பு, புள்ளி கிடையாது. உருண்டையாக, முதுகில் கரும்புள்ளிகளோடு, நரம்பு மிஞ்ச இலையைச் சுரண்டுவது வேறு பூச்சி. அதன் முள்ளு முள்ளான மஞ்சள் புழு இலையின் கீழேயே இருக்கும். பூசணி வண்டின் புழுவை இலையில் தேடிப் பிரயோசனமில்லை.

பெண் வண்டு கன்றின் அடியில் ஈரமண்ணில் முட்டையிடும். 6 முதல் 15 நாளில் பொரிக்கும் புழு வேரையும் அடித்தண்டையும் துளைக்கும். மண்ணில் கிடக்கும் காயையும் விடாது. இரண்டு மூன்று கிழமை தின்றபின் ஆழத்துக்குப் போய் மண்கூட்டில் கூட்டுப்புழுவாகும். நன்றாக இறைத்த குழியிலும் கொடி வாடி நின்றால், இன்னும் தண்ணீர் விடாமல் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். ஈரம் கூடக்கூட முட்டைக்குத்தான் வசதி.

இது இலைவண்டுக் குடும்பம். குளிர்நாடுகளில் வில்லோ மர இலையைத் தின்னும் உறவினங்கள் சிலவற்றின் புழுக்கள், அந்த இலையிலுள்ள சலிசின் என்ற கைப்புப் பொருளை, எதிரியை விரட்டும் நாற்றத் திரவமாக மாற்றிக்கொள்ளும். நம்முடைய வண்டும் கைப்புக்கு மயங்கியதுதான்; பூசணிக் குடும்பத்தின் குக்கர்பிற்றசின் என்ற கைப்புப் பொருள் அதைத் தின்னத் தூண்டும். ஆனால் பாகலை அநேகமாகத் தொடாது. அதன் கைப்பு வேறு. வண்டு தொல்லை தாங்காத தறையில் ஒரு போகம் பாகல் போட்டுப் பார்க்கலாம்.

அது தின்னும் விதத்தைக் குனிந்து பாருங்கள். இலையில் முதலில் வட்டமாக ஒரு கீறு போடும். சாறு வருவது அறுபட்டதும் வட்டத்துக்குள்ளே தின்னும். ஓட்டைகள் வட்டமாக இருப்பது அதனால்தான். முற்றிய கொடி இதைத் தாங்கும். முளையிலையில் இரண்டு ஓட்டை விழுந்தால் கன்று போய்விடும். ஆகவே காவல் தேவைப்படுவது முளைத்ததிலிருந்து நாலைந்து இலை விடும் வரைக்கும்தான்.

அதற்கு நுளம்பு வலை போதும். வளைத்த கம்பியில் போட்டு, ஓரத்தை நாலு விரற்கடை மண்ணில் புதையுங்கள். முன்பு கொடி நின்ற அதே குழியில் மட்டும் இதைச் செய்யவேண்டாம். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் வண்டு வலைக்குள்ளேயே அகப்பட்டு, கன்றை ஆறுதலாகத் தின்னும். பூப்பதற்கு முன் வலையை எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் தேனீ வராது, காயும் பிடிக்காது. விடியப்புறத்தில் வண்டு மந்தமாக நிற்கும். சவர்க்காரத் தண்ணீர் வாளியைக் கீழே பிடித்துக் கொடியைத் தட்டினால் விழும். பனி காயுமுன் தூவும் அடுப்புச் சாம்பலும் உதவும், மழை பெய்தால் மறுபடி தூவவேண்டும். வேப்பம் பருப்பென்றால் 10 லீற்றருக்கு 500 கிராம்: இடித்து, இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பின்னேரத்தில் தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் கெட்டுவிடும்.

மருந்துதான் வேண்டுமென்றால், பூசணிப் பூ விரிந்திருக்கும் காலையில் அடிக்கவேண்டாம். புழுவைக் கொல்ல அடியில் ஊற்றவே வேண்டாம். கீழே சுண்ணாம்புக்கல், ஊற்றியது கிணற்றுக்குத்தான் போகும், அதே கிணற்றில்தான் குடிக்கிறோம்.

இவை தனித்தனியே செய்யக்கூடியவை. அமைப்பால் மட்டும் முடிவது ஒன்று உண்டு. எங்கள் தறைகள் நாலு பரப்பு, எட்டுப் பரப்பு, வேலிக்கு வேலி. ஒருவர் கடைசிக் காய் பறித்த கொடியை அப்படியே விட்டுவைத்தால், பக்கத்து முளைகளுக்கு வண்டு அங்கிருந்துதான் வரும். கடைசிப் பறிப்புக்கு ஒரு கிழமைக்குள் கொடியை வேரோடு பிடுங்கி, ஓரடி ஆழம் கொத்திப் புரட்டி, கூட்டுப்புழுவை வெயிலுக்கும் மைனாவுக்கும் விடவேண்டும். கல் தட்டும் இடத்தில் போகுமளவு போதும். பிறகு அயல் தறைகள் எல்லாம் ஒரே கிழமையில் விதை போடவேண்டும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் கொடி பிடுங்கும் கடைசித் திகதியையும் விதைக்கும் கிழமையையும் தீர்மானித்து, கமநல சேவை நிலைய அறிவித்தல் பலகையிலும் ஒட்டச் செய்யுங்கள்.

இவ்வண்ணம்,
மரக்கறிப் பயிர்ப் பூச்சிகளைக் கவனித்துவரும் சிலர்,
யாழ்ப்பாணம்