அட்டியும் அடுக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் தங்கள் மாணவர் பக்கத்தில் அடுக்குக்குறி (ஓர் எண்ணின் தலைமேல் எழுதும் சிறிய எண்) விதிகள் ஏழையும் ஒரு கட்டத்துக்குள் அச்சிட்டு, மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளும்படி சொல்லியிருந்தீர்கள். இங்கே யாங்கோனில் என் மாலை வகுப்புக்கு வரும் சிறுமி ஒருத்தி அதைக் கைப்பேசியில் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் ஒப்பித்தாள். ஓர் எழுத்துப் பிழையில்லை. உடனே, ப² × ப³ எவ்வளவு என்று கேட்டேன். (பாடநூலில் எக்ஸ் என்று வரும் மாறியை இக்கடிதத்தில் ப என்று எழுதுகிறேன்.) ப⁶ என்றாள். அந்தத் தவறான பதில்தான் என்னை எழுத வைத்தது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன் அல்லன். பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். இரவு ஏழு மணிக்குக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பகலில் பள்ளியில் பர்மிய மொழியில் கேட்ட பாடத்தை அவர்கள் என்னிடம் தமிழில் மறுபடியும் கேட்கிறார்கள்.

அடுக்கு என்ற சொல்லைக் கணக்குக்குத் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் அவரை நான் மனத்துக்குள் வணங்குகிறேன். பாத்திரம் அடுக்குகிறோம். அடுக்குமல்லி தொடுக்கிறோம். 'தீ தீ தீ' என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் இலக்கணம் அதை அடுக்குத்தொடர் என்கிறது. 5³ என்பதும் அப்படித்தான்: ஐந்து மூன்று முறை வருகிறது, இடையில் பெருக்கல் நிற்கிறது. பர்மிய மொழியிலும் மாடி, அடுக்கு என்று பொருள்படும் சொல்லையே இதற்கு வைத்திருக்கிறார்கள். ஆக, எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியிலும் பொருள் கையில் இருக்கிறது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் விதிக்குத் தாவிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

போன ஆண்டு, மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் 5³ = 15 என்று எழுதிக்கொண்டே இருந்தான். பள்ளியில் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறான். நான் சிலேட்டை மூடி வைத்துவிட்டு, "அப்பா கிடங்கில் மூட்டைகளை அடுக்கி அட்டி போடுவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? நீளத்தில் ஐந்து மூட்டை, அகலத்தில் ஐந்து, உயரத்தில் ஐந்து. மொத்தம் எத்தனை?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். "தரையில் இருபத்தைந்து. அந்த மாதிரி ஐந்து. நூற்று இருபத்தைந்து ஐயா" என்றான். அதுதான் 5³ என்றபோது அவன் முகம் போன போக்கை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

அந்த ஓர் அட்டியை வைத்துக்கொண்டே பல வாரங்கள் பாடம் நடத்தினேன். முழு அட்டி 5³. அதில் ஒரு தளம் 5². தளத்தில் ஒரு வரிசை 5¹. வரிசையில் ஒரு மூட்டை? அது 5⁰. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஐந்தால் வகுக்கிறோம்: 125, 25, 5, 1. அடுக்கு பூச்சியமானால் விடையும் பூச்சியம் என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். தரையில் தனியாக நிற்கும் அந்த ஒற்றை மூட்டையைக் கண்ட பிள்ளை அப்படி எழுதாது.

பிறகு அட்டியின் மூன்று பக்கத்தையும் இரு மடங்காக்கச் சொன்னேன். பத்து, பத்து, பத்து. ஆயிரம் மூட்டை வந்துவிட்டது, அதாவது முன்பு இருந்ததைப் போல எட்டு மடங்கு. (2ப)³ என்பதை 2ப³ என்று எழுதுவதுதான் என் வகுப்பில் மிக அதிகமாக வரும் பிழை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 2-உம் மூன்று முறை வந்தாக வேண்டும், ஆகவே 8ப³. 3ப² + 2ப³ = 5ப⁵ என்று எழுதுகிறவர்களுக்கும் கிடங்கே பதில் சொல்லிவிடும். தரையில் பரப்பிய மூன்று தளங்களும் முழுதாய் ஏறிய இரண்டு அட்டிகளும் சேர்ந்தால் ஐந்து என்ன? ஒன்றும் இல்லை. அவை தனித்தனியாகத்தான் நிற்கும்.

இனி அந்தச் சிறுமியின் ப⁶. அவளுடைய தாயார் துணிக்கடையில் காசாளர். பர்மிய மொழியில் ஆயிரம், பத்தாயிரம், இலட்சம், பத்து இலட்சம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. பத்தின் அடுக்குகளை இங்குள்ள குழந்தைகள் கடைத்தெருவில் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். பத்தாயிரம் கியாட் நோட்டு நூறு சேர்ந்த கட்டு எவ்வளவு என்று கேட்டேன். பத்து இலட்சம் என்று சட்டென்று சொன்னாள். 10² × 10⁴ = 10⁶. அடுக்குகளைக் கூட்டியிருக்கிறாள். பெருக்கியிருந்தால் 10⁸, அதாவது பத்துக் கோடி ஆகியிருக்கும். அப்படிச் சொல்கிறவரை எந்தக் கடையிலும் கல்லாவில் உட்கார வைக்கமாட்டார்கள். அதன்பின் ப² × ப³ என்பதை விரித்து எழுதச் சொன்னேன். ப × ப, பிறகு ப × ப × ப. எண்ணினாள். ஐந்து.

குறை அடுக்கு வந்ததும் பிள்ளைகள் மிரள்கிறார்கள். 2⁻³ என்றால் −8 என்பார்கள், இல்லாவிட்டால் −6. இதற்கு நான் என் பாட்டனாரைத்தான் அழைக்கிறேன். அவர் இங்கே மொகல் தெருவில் செட்டியார் கடை ஒன்றில் பெட்டியடிப் பையனாக (எடுபிடிச் சிறுவனாக)ச் சேர்ந்து, அடுத்தாளாக (கடை நிர்வாகியின் உதவியாளராக) உயர்ந்தவர். எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாடும் கீழ்வாய் இலக்கம் என்ற பின்னங்களும் அவர் நாவில் இருந்தன. அரை, கால், அரைக்கால், வீசம்: ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. 2⁻¹, 2⁻², 2⁻³, 2⁻⁴. அரைக்கால் என்ற சொல்லைக் கவனியுங்கள். காலில் அரை. அரையில் அடுக்கு −1, காலில் −2, சேர்ந்தால் −3, எட்டில் ஒரு பங்கு. கால்வீசம் என்றால் −2-உம் −4-உம் சேர்ந்து −6, அறுபத்து நான்கில் ஒரு பங்கு. அடுக்குகளைக் கூட்டும் விதியைத் தமிழ் வாய்ப்பாடு சொல்லுக்குள்ளேயே வைத்திருந்தது! இதை முதன்முதலில் கவனித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிறுவயதில் பாட்டனாரிடம் இதைக் கேட்டுக்கொள்ளவில்லையே என்ற ஏக்கம் இன்னும் இருக்கிறது.

எண்ணும் எழுத்தும் பெருக்கலால் மட்டும் சேர்ந்து நிற்கும் ஓருறுப்புக் கோவைக்கு வந்தால், பிள்ளைகளை வழுக்கிவிடுவது எழுதப்படாமல் நிற்கும் ஒன்றுதான். ப என்று வெறுமனே எழுதினால் அதன் அடுக்கு 1, கெழுவும் (எழுத்தின் முன்னால் நின்று பெருக்கும் எண்ணும்) 1. இரண்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் ப × ப³ = ப³ என்று எழுதிவிடுகிறார்கள். முதல் சில நாட்கள் 1ப¹ என்று முழுவதும் எழுத விடுகிறேன். அசிங்கமாக இருக்கிறது என்று அவர்களே ஒருநாள் ஒன்றை விட்டுவிடுவார்கள், அப்போது அது எங்கே போயிற்று என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 4ப²ம³ போன்ற கோவையில் கெழு 4, படி (அடுக்குகளின் கூட்டுத்தொகை) 2 + 3 = 5. 5/ப என்பது ஓருறுப்புக் கோவை ஆகாது, ப அங்கே கீழே இறங்கிவிட்டது, அடுக்கு −1. இவ்வளவும் விரித்து எழுதிப் பழகிய பிள்ளைக்கு அரை மணி நேரப் பாடம்.

எண்ணின் தலைமேல் சிறிய எண் எழுதும் இந்த வழக்கத்தை 1637-இல் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் தம் வடிவியல் நூலில் நிலைநிறுத்தினார். அவரே வர்க்கம் வரும் இடங்களில் பெரும்பாலும் எழுத்தை இரண்டு முறை, பப என்பதுபோல, எழுதினார். குறியீட்டைத் தந்தவருக்கே விரித்து எழுதுவது இழுக்காகத் தோன்றவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வாரமாவது அந்த உரிமையைக் கொடுக்கலாம் அல்லவா?

தங்களிடம் நான் கேட்பது சிறிய இடம். அடுத்த முறை அந்தக் கட்டத்தை அச்சிடும்போது, ஒவ்வொரு விதிக்கும் மேலே அதன் விரிவை ஒரு வரி எழுதுங்கள். (ப × ப) × (ப × ப × ப) என்று பெரிய எழுத்தில், எண்ணிப் பார்க்க வசதியாக. இங்கே கைப்பேசியின் சிறு திரையில் பார்த்துத்தான் பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
பருப்பு மண்டிக் கணக்கர் ஒருவர்,
யாங்கோன், மியான்மர்.