பேரிங் தொடாத டெம்ப்ளேட்: மாற்றித் தரக் கோரும் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கிண்ணம், தட்டு குடையும் ரவுட்டர் டெம்ப்ளேட் தொகுப்பின் குறைபாடு, தவறான செய்முறைத் தாள் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மரத்தைக் குடையும் ரவுட்டர் கருவிக்கு வழிகாட்டும் அச்சுத் தகடுகள் கொண்ட தங்கள் நிறுவனத்தின் டெம்ப்ளேட் தொகுப்பைச் சென்ற மாதம் வாங்கினேன். இரண்டு அக்ரிலிக் டெம்ப்ளேட்டுகள், தண்டில் பேரிங் (டெம்ப்ளேட்டின் ஓரத்தில் முட்டி உருளும் வளையம்) பொருத்திய ஒரு பிட் (ரவுட்டரில் சுழன்று மரத்தை வெட்டும் அலகு), ஒரு செய்முறைத் தாள் ஆகியவை பெட்டியில் இருந்தன. சொன்ன நாளில், உடையாமல் வந்துசேர்ந்தன. அதில் எனக்குக் குறையில்லை. ஒன்றாக விற்கப்பட்ட இந்தப் பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே என் புகார்.

என் அம்மாவின் பழைய கட்டிலிலிருந்து ஒரு தேக்குத் தலைமாட்டுப் பலகை கிடைத்தது. அதில் இரண்டு அறைகள் கொண்ட தட்டு ஒன்று செய்து தங்கைக்குக் கொடுக்க எண்ணினேன். பலகையை 18 மி.மீ. கனத்துக்கு இழைத்து, டெம்ப்ளேட்டை இருபக்க ஒட்டு நாடாவால் அதன்மேல் பதித்தேன். செய்முறைத் தாளில் உள்ளபடியே முதல் சுற்றுக்கு ஆழத்தை 3 மி.மீ. என வைத்தேன். நடுவிலிருந்து மெல்ல ஓரத்தை நோக்கி நகர்த்தினேன். ஓரத்தில் பேரிங் முட்டி ரவுட்டர் நிற்க வேண்டும். நிற்கவில்லை. பிட்டின் வெட்டுவாய் அக்ரிலிக்கையே கடித்தது. கருகிய நெடி வந்ததும் விசையை அணைத்துவிட்டுப் பார்த்தேன். டெம்ப்ளேட்டின் ஓரத்தில் 4 மி.மீ. பள்ளம். அதற்கு நேர் கீழே, தட்டின் விளிம்பாக நிற்க வேண்டிய தேக்கில் 3 மி.மீ. பள்ளம். உருகிய அக்ரிலிக் வெட்டுவாயில் பிசினைப் போல ஒட்டியிருந்தது.

தொலைபேசியில் பேசிய தங்கள் ஊழியர், நான் ஆழத்தைத் தவறாக வைத்திருப்பேன் என்றார். பழகிய கைகளுக்கு இப்படி நேராது என்றும் சொன்னார். 15 ஆண்டுகளாக ரவுட்டர் பிடிப்பவனுக்கு அந்தச் சொல் வலித்தது. ஆனால் என் அனுபவத்தை நம்பச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. தயவுசெய்து ஓர் அளவுகோலை எடுத்துப் பாருங்கள்.

பிட்டின் வெட்டுவாய் உயரம் 16 மி.மீ. அதற்கு மேலே பேரிங் தொடங்குகிறது. பிட்டை மரத்துக்குள் 3 மி.மீ. இறக்கினால், பேரிங்கின் அடி மர மட்டத்திலிருந்து 13 மி.மீ. உயரத்தில் நிற்கும். தாங்கள் தந்த டெம்ப்ளேட்டின் கனமோ வெறும் 6 மி.மீ. பேரிங் அதற்கு மேலே காற்றில்தான் சுழலும். அது டெம்ப்ளேட்டைத் தொட வேண்டுமானால் ஒரே சுற்றில் 10 மி.மீட்டருக்கு மேல் இறக்கியாக வேண்டும். நடுப்பகுதியைத் துளையிட்டு எடுத்துவிட்டு அப்படி இறக்கலாமே என்று தங்கள் ஊழியர் யோசனை சொன்னார். வேறு வேலைக்கு அது சரியான யோசனைதான். ஆனால் தங்கள் தாளில் அச்சாகியுள்ள தட்டின் மொத்தக் குழிவே 9 மி.மீ.! அந்த ஆழத்தை எட்டிய பிறகும் பேரிங் டெம்ப்ளேட்டுக்கு 1 மி.மீ. மேலே இருக்கும். அதாவது, தாங்கள் விற்ற பிட்டும் தாங்கள் விற்ற டெம்ப்ளேட்டும் தாங்களே வரைந்து தந்த தட்டைச் செய்யும்போது ஒருமுறைகூட ஒன்றையொன்று தொடாது. இதில் என் கை செய்த பிழை எது?

பிறகு நானே 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் ஒரு டெம்ப்ளேட் செய்தேன். நான்கு மூலைகளிலும் முதலில் 40 மி.மீ. துளைகள் இட்டு, அவற்றுக்கு இடையே அறுத்து, உட்புற ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். விரலை ஓட்டினால் எங்கும் தடங்கக் கூடாது, ஏனென்றால் டெம்ப்ளேட்டின் ஓரத்தில் இருக்கும் மேடுபள்ளம் அப்படியே மரத்தில் இறங்கும். 3 மி.மீ. ஆழத்தில், முதல் சுற்றிலேயே, 5 மி.மீ. உயரமுள்ள பேரிங் முழுதாக ஓரத்தில் பதிந்து ஓடியது. தங்கள் பிட் நல்ல பிட். சுவரும் அடியும் சேரும் இடத்தில் அது விட்டுச்சென்ற வளைவுக்கு உப்புத்தாளே தேவைப்படவில்லை. இவ்வளவு நல்ல பிட்டோடு இந்த மெல்லிய தகட்டை ஏன் சேர்த்தார்கள் என்ற வருத்தம் அதைப் பார்த்தபோது இன்னும் கூடியது.

செய்முறைத் தாளில் இதைவிடக் கவலைக்குரிய பிழை ஒன்று இருக்கிறது. டெம்ப்ளேட்டின் திறப்புக்கு உட்புறத்தில் ரவுட்டரை நகர்த்தும் திசையைக் காட்டும் அம்புக்குறி இடஞ்சுழியாக இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது பிட் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. ஆகவே உட்புற ஓரத்தில் ரவுட்டரையும் வலஞ்சுழியாகவே நகர்த்த வேண்டும். இடஞ்சுழியாக நகர்த்துவது வெளி ஓரத்துக்கு உரியது. உள்ளே மாற்றி நகர்த்தினால் பிட் மரத்தைப் பற்றிக்கொண்டு ரவுட்டரைத் தன் போக்கில் இழுத்து ஓடும். அது தெரிந்ததால் நான் அம்புக்குறியைப் பின்பற்றவில்லை. முதன்முதலாக ரவுட்டர் வாங்கி, இந்தத் தாளை நம்பி வேலையைத் தொடங்குபவரின் விரல்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். டெம்ப்ளேட்டின் திறப்பு 220 மி.மீ. அகலம், என் ரவுட்டரின் அடித்தட்டு 150 மி.மீ. நடுப்பகுதியைக் குடைந்த பிறகு தாங்கல் இல்லாமல் ரவுட்டர் குழிக்குள் சாயும் என்பதையோ, அகலமான அடித்தட்டு தேவை என்பதையோ தாள் சொல்லவில்லை.

எனவே, இரண்டு டெம்ப்ளேட்டுகளையும் 18 மி.மீ. கனத்தில் மாற்றித் தர வேண்டும். இயலாவிட்டால் தொகுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும். அந்தத் தேக்குப் பலகைக்கு நான் விலை கேட்கவில்லை, அதற்கு விலை போட எனக்குத் தெரியாது. திசைக் குறியைத் திருத்தும் வரை இந்தத் தாளோடு தொகுப்பை விற்பதை நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் திருத்தத்தைத் தெரிவியுங்கள். என் டெம்ப்ளேட்டை நீங்கள் மாற்றித் தருவதற்கு முன்பே இது நடக்க வேண்டும்.

பள்ளம் விழுந்த டெம்ப்ளேட், பலகை ஆகியவற்றின் படங்களையும், அளவுகோலுடன் எடுத்த பிட்டின் படத்தையும், ரசீதின் நகலையும் இணைத்துள்ளேன். 15 நாள்களுக்குள் எழுத்து வடிவில் பதில் தர வேண்டுகிறேன். அதுவரை டெம்ப்ளேட்டையும் பலகையையும் இருக்கும் நிலையிலேயே வைத்திருப்பேன். தங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து யாரேனும் நேரில் பார்க்க விரும்பினால், ரசீதில் உள்ள எண்ணில் என்னை அழைக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்