கொடைக்கானல் விடுதி உரிமையாளர்களுக்கு: மே மாதத்தை மட்டும் நம்பியது போதும்

கொடைக்கானலில் லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்தும் உரிமையாளர்களுக்கும் அங்கே வரவேற்பில் நிற்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

மதுரையிலிருந்து உங்கள் ஊருக்குக் குடும்பங்களை அனுப்பி வைப்பது என் தொழில். ரூம் போட்டுக் கொடுப்பேன், வண்டி பிடித்துக் கொடுப்பேன். அதோடு, "ஏன் சார் எங்களுக்கு இந்த லாட்ஜைச் சொன்னீங்க" என்று ராத்திரி பத்து மணிக்கு வரும் போனையும் நான்தான் எடுக்க வேண்டும். அந்தப் போன்கள் கூடிக்கொண்டே போவதால் இதை எழுதுகிறேன்.

2024 மே 7 முதல் உங்கள் மலைக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டும். அதோடு நிற்காமல், 2025 கோடைக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 6,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. உங்களில் பலருக்கு இதில் கோபம் இருப்பது தெரியும். வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. தொழிலாக மட்டும் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: கூட்டம் ஏறி வந்துகொண்டே இருக்கும், ஒருவர் போனால் இன்னொருவர் வருவார் என்ற கணக்கு இனிமேல் ஓடாது. வருகிற குடும்பம் ஒரு ராத்திரி தங்குகிறதா, மூன்று ராத்திரி தங்குகிறதா, அடுத்த வருஷமும் உங்களையே கூப்பிடுகிறதா என்பதில்தான் இனி உங்கள் வரும்படி இருக்கிறது.

விடுதித் தொழிலின் முதல் பாடத்தை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அரிசி மண்டியில் மூட்டை மிஞ்சினால் அடுத்த வாரம் விற்றுக்கொள்ளலாம். நேற்று ராத்திரி காலியாகக் கிடந்த அறையை இன்றைக்கு விற்க முடியாது. அதனால்தான் மே மாதத்தில் வாடகையை ஏற்றுகிறீர்கள், ஜூலையில் இறக்குகிறீர்கள். அதில் தப்பே இல்லை. விமானக் கம்பெனிகளும் அதைத்தான் செய்கின்றன. ஆனால் விமான டிக்கெட் வாங்கியவரிடம் ஏறும் வாசலில் நிறுத்தி இன்னும் ஆயிரம் கொடு என்று யாரும் கேட்பதில்லை. போனில் ஒரு வாடகை, காரைப் பார்த்ததும் ஒரு வாடகை என்பதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். விடுதியின் பெயர் வேண்டாம். திருமங்கலத்துக் குடும்பம் ஒன்று, கூடவே முழங்கால் வலியுள்ள பாட்டி. அட்வான்ஸ் கட்டி, கீழ்த்தள அறை என்று இரண்டு முறை உறுதி செய்திருந்தோம். போய் இறங்கினால், அந்த ரூமில் ஆள் இன்னும் காலி செய்யவில்லை, பின்னால் ஒரு காட்டேஜ் இருக்கிறது, அதற்குக் கூடுதலாக 1,500 ரூபாய் என்றிருக்கிறார்கள். காட்டேஜ் ரோட்டை விட்டுக் கீழே, சரிவில் இருந்தது. கைப்பிடி இல்லாத, பாசி படிந்த படிகள். பாட்டியைப் பேரன்கள் இருவர் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். இறங்கியவர் ஊருக்குக் கிளம்பும் வரை மேலே ஏறவே இல்லை, ஏரியைக்கூடப் பார்க்கவில்லை. வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் என்பதும் ஒன்பது மணிக்குக் குழாயைத் திறந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அந்த விடுதிக்கு அன்று 1,500 ரூபாய் லாபம். அந்தக் குடும்பத்தில் அடுத்து ஒரு கல்யாணம் நடந்தது. புது மாப்பிள்ளையும் பெண்ணும் மூணாறுக்குப் போனார்கள்.

பரசுராமன், சைத்தாமல், பெர்ரி என்ற மூன்று பேராசிரியர்கள் 1985-இல் சேவைத் தரத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வாடிக்கையாளர் எதை எதிர்பார்த்து வந்தார், கையில் என்ன கிடைத்தது, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் தரம் என்பது அதன் சாரம். அந்த எதிர்பார்ப்பில் பெரும்பங்கு நீங்களே உண்டாக்குவது. 'லேக் வியூ' என்று போட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்த படத்தைப் போடுகிறீர்கள். வந்தவர் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. அறை நன்றாகத்தான் இருக்கும். ஏரி என்ற சொல்லைப் போடாமல் இருந்திருந்தால் அவர் சந்தோஷமாகவே திரும்பியிருப்பார். குறைவாகச் சொல்லி நிறைவாகக் கொடுக்கிற விடுதிகள் உங்கள் ஊரில் இல்லாமல் இல்லை. அவர்களிடம் ஜூலையிலும் ரூம் கிடைப்பது கஷ்டம். அதை அனுபவத்தில் சொல்கிறேன்.

எதையும் சந்தைப்படுத்தப் பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கைக் கவனிக்க வேண்டும் என்று 1960-இல் மெக்கார்த்தி என்ற பேராசிரியர் வகுத்தார். சேவைத் தொழிலுக்கு அது போதாது என்று 1981-இல் பூம்ஸும் பிட்னரும் ஆட்கள், நடைமுறை, கண்ணுக்குத் தெரியும் சான்றுகள் என்று மூன்றைச் சேர்த்தார்கள். உங்கள் தொழிலில் அந்த மூன்றுதான் முக்கால்வாசி. சீசனுக்கு மட்டும் கூட்டி வந்த ரூம் பாயைப் பயிற்சியே இல்லாமல் இருபது அறைக்கு ஓட விட்டால், அவன் முகம்தான் உங்கள் விளம்பரம். ஈரம் காயாத கம்பளியும் அப்படித்தான். அந்தப் பையன்கள் படுக்க ஒழுங்கான இடம் கொடுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி, எதை விற்கிறீர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். என் மனசு கிடந்து அடித்துக்கொள்வது இதற்காகத்தான். தூண் பாறை, குணா குகை, கோக்கர்ஸ் வாக், படகு, குதிரை. ஒன்றரை நாளில் முடிந்துவிடும் பட்டியல் இது. அதனால் ஒரு ராத்திரியோடு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் உங்கள் ஊரில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான்; உலகமெங்கும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். பள்ளிப் பிள்ளைகளோடு வரும் எத்தனை பெற்றோருக்கு உங்கள் வரவேற்பு மேசையில் இதைச் சொல்கிறீர்கள்? செண்பகனூர் அருங்காட்சியகம், பூம்பாறையின் படிக்கட்டு வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. பூண்டு விளைவிக்கும் வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்தால், விருந்தாளிக்கு இன்னொரு நாள் தங்கக் காரணம் கிடைக்கிறது, பூம்பாறைக்காரருக்கும் நாலு காசு கிடைக்கிறது.

எல்லோருக்கும் எல்லாம் விற்க முயல வேண்டாம். கல்லூரிப் பையன்களின் பாட்டுச் சத்தத்துக்குப் பக்கத்து அறையில் கைக்குழந்தைக்காரர்களைப் போட்டால் இரண்டு பேரும் திரும்ப வரமாட்டார்கள். உங்களுக்கு யார் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அவர்களுக்கு ஏற்ற மாதிரி விடுதியை வையுங்கள்.

புக்கிங் ஆப்களின் கமிஷன் பற்றி நீங்கள் புலம்புவது நியாயம்தான். நூற்றுக்குப் பதினைந்து, இருபது, சில சமயம் அதற்கும் மேல். ஆனால் முதல் முறை ஆப் வழியாக வந்தவர் இரண்டாம் முறையும் அதே வழியில்தான் வருகிறார் என்றால், நடுவில் நீங்கள் அவரோடு பேசவில்லை என்று அர்த்தம். போகும்போது அவர் சம்மதத்தோடு நம்பரை வாங்கி வைத்து, மழைக்குப் பிறகு மலை பச்சைப்பசேல் என்று இருக்கும்போது ஒரு படம் அனுப்புங்கள். நேரில் கூப்பிட்டால் கமிஷனில் பாதியைக் குறைத்துக் கொடுங்கள். நவம்பரில் பாதையில் மண் சரிந்து கிடந்தால் அதையும் சொல்லி, தேதியை மாற்றிக் கொடுங்கள்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. நீங்கள் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால் உங்களுக்குச் சிரமம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பில்லைப் பார்த்துக் கேட்கிறவருக்கு, இதனால்தான் இந்த வாடகை என்று பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டும்.

2006-இல் பூத்த குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்து 2030. அந்த வருஷம் இ-பாஸ் வரிசை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே பருவத்தில் மொத்தமாக அள்ளிவிடலாம் என்று இப்போதே கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு வருகிறவர்களில் பலர் வாழ்க்கையில் முதல் முறையாக உங்கள் ஊரைப் பார்ப்பார்கள்.

உங்கள் சங்கக் கூட்டத்தில் நான்கு விஷயங்களை மட்டும் வையுங்கள். சீசன் வாடகையைப் பிப்ரவரிக்குள் எழுத்தில் அறிவிப்பது. அந்தந்த அறையின் ஜன்னலிலிருந்தே படம் எடுத்துப் போடுவது. வெந்நீர் நேரத்தைச் சொல்வது. ரோட்டிலிருந்து அறைக்கு எத்தனை படி என்று எழுதுவது. அழைத்தால் நானும் என்னோடு தொழில் செய்கிறவர்களும் வந்து உட்கார்ந்து பேசத் தயார். அடுத்த சீசனில் என்னிடம் ரூம் கேட்பவர்களுக்கு, இந்த நாலையும் எழுதிக் கொடுத்த விடுதிகளைத்தான் முதலில் சொல்வேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு பயண ஏற்பாட்டாளர்