கெர்ரியின் ஊர்களும் நம் கடலோரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தைப் பற்றி வெளியான பயணக் கட்டுரையைப் படித்தேன். மலைகளையும் ஏரிகளையும் சிறப்பாக வருணித்த கட்டுரையாளர், அங்குள்ள சிற்றூர்களை ஒரே பத்தியில் முடித்துவிட்டார். என் மகள் அம்மாவட்டத்தின் தலைநகரான டிரலீயில் செவிலியராகப் பணியாற்றுவதால், நானும் என் மனைவியும் ஒரு கோடைக்காலத்தை அங்கே கழித்தோம். காவிரிப் படுகையில் வாழும் நாம் கெர்ரியிடம் கவனிக்க வேண்டியது அந்தச் சிற்றூர்களில்தான் இருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கெர்ரி வட்டம் என்று அழைக்கப்படும் சாலை, மலைக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் இடையே 179 கிலோமீட்டர் சுற்றி வருகிறது. கில்லார்னியில் புறப்பட்டால் கில்லார்க்ளின், காஹர்சிவீன், வாட்டர்வில், ஸ்னீம், கென்மேர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நம் கணக்கில் இவற்றுள் பல, பெரிய கிராமம் என்று சொல்லத்தக்கவையே. ஆயினும் ஒவ்வோர் ஊரும் தனக்கென்று ஒன்றை வைத்திருக்கிறது. கில்லார்க்ளினில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 முதல் 12 வரை நடக்கும் திருவிழாவில், மலையிலிருந்து பிடித்து வந்த காட்டு வெள்ளாட்டுக் கிடாய்க்கு முடிசூட்டி உயரமான மேடையில் ஏற்றுகிறார்கள். (நம் ஊர்க் கிடாய்கள் திருவிழாக் காலத்தில் இவ்வளவு மரியாதையை எதிர்பார்க்க முடியாது.) வாட்டர்வில்லில் சார்லி சாப்ளின் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்து தங்குவாராம், கடற்கரையோரத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அருகிலுள்ள வாலென்ஷியா தீவிலிருந்துதான் 1866-இல் அட்லாண்டிக்கைக் கடந்து, நிலைத்து இயங்கிய தந்திக் கம்பி வட அமெரிக்காவுக்குச் சென்றது. இவற்றில் எதுவும் உலக அதிசயம் அன்று. ஆனால் வருகிறவர் வண்டியை நிறுத்தி இறங்கவும், பேச்சுக் கொடுக்கவும், இருட்டினால் அங்கேயே ஒரு வீட்டில் அறை எடுத்துக் காலை உணவோடு தங்கவும் இவை காரணமாகின்றன. இரவு தங்குகிறவரின் பணம்தான் ஊருக்குள் புழங்குகிறது.

எளிதில் கெடக்கூடிய இடங்களைப் பொறுத்தவரை அவர்கள் மிகவும் கறாராக இருக்கிறார்கள். கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்குள் செங்குத்தாக நிற்கும் ஸ்கெல்லிக் மைக்கேல் என்னும் பாறைத்தீவில், பண்டைய கிறித்தவத் துறவிகள் சாந்தில்லாமல் கல்லடுக்கிக் கட்டிய குடில்கள் இன்றும் இருக்கின்றன. 600-க்கும் மேற்பட்ட கற்படிகளை ஏறித்தான் அவற்றை அடைய வேண்டும். 1996 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் அத்தீவில் கோடை மாதங்களில் மட்டும், அதுவும் நாளொன்றுக்கு 180 பேர் மட்டுமே இறங்கலாம். கடல் கொந்தளித்தால் படகு புறப்படாது. இதனால், அந்தப் படகுகள் புறப்படும் போர்ட்மகீ என்னும் மீனவ ஊருக்கு நட்டம் ஏற்பட்டிருக்கும் என்று நினைப்போம். நான் பார்த்தது வேறு. படகுக்காகக் காத்திருக்கிறவர்கள் அந்த ஊரில்தான் சாப்பிடுகிறார்கள், அந்த ஊரில்தான் இன்னோர் இரவு தங்குகிறார்கள். கில்லார்னி தேசியப் பூங்காவிலும் இதே முறைதான். 1932-இல் மக்ரஸ் பண்ணையை அதன் உரிமையாளர்கள் நாட்டுக்கு வழங்கியதால் உருவான அப்பூங்கா, நகரத்தின் விளிம்பிலேயே தொடங்குகிறது. மக்ரஸ் பகுதியின் உட்பாதைகளில் கார்கள் செல்வதில்லை. நடந்தோ, மிதிவண்டியிலோ, குதிரை வண்டியிலோ போக வேண்டும். கூட்டத்தின் சுமையை நகரம் தாங்கிக்கொள்கிறது. செம்மான்கள் மேயும் காட்டின்மேல் அது இறங்குவதில்லை.

கெர்ரியில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோடையில் அந்தக் குறுகிய சாலைகளில் சுற்றுலாப் பேருந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பொழுது போய்விடும். ரோடோடெண்ட்ரான் என்ற அயல் செடி கில்லார்னியின் ஓக் காடுகளுக்குள் புகுந்து இளங்கன்றுகளை வளரவிடாமல் செய்கிறது. கோடியக்கரையில் சீமைக் கருவேலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கூட்டத்தின் சுமையை ஊர்கள் தாங்குவதைப் பொறுத்தவரை, நம் நிலைமை கெர்ரிக்கு நேர்மாறானது. பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை வரை செல்லும் கடலோரம் கெர்ரி வட்டத்தைவிடக் குறுகியது. நமக்கு மலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையும், 1930-இல் ராஜாஜி தலைமையில் உப்பெடுத்த மண்ணும், வெளிமான்கள் மேயும் சரணாலயமும், அதற்கு மேற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடும் இருக்கின்றன. வேன்களில் வருகிறவர்கள் திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி மூன்றையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு இரவோடிரவாக ஊர் திரும்புகிறார்கள். தரங்கம்பாடிக்குக் கோட்டை வாசலில் படமெடுக்கும் நேரம் மட்டுமே கிடைக்கிறது. கூட்டம் உண்மையில் நெடுநேரம் தங்குமிடம், தை அமாவாசையிலும் ஆடி அமாவாசையிலும், கோடியக்கரைக் கடலோரம். அதாவது, ஊர்கள் வெறுமையாக இருக்க, தாங்க முடியாத இடத்தில் சுமை இறங்குகிறது. தீர்த்தமாட வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் தங்கவும் வண்டியை நிறுத்தவும் வேதாரண்யத்திலேயே போதிய வசதி இருந்தால், காட்டோரத்தில் சமைத்துச் சாப்பிட வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படாது.

ஆகவே அரசுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். பூம்புகார் முதல் கோடியக்கரை வரை, விரும்பிய ஊரில் இறங்கி மறுநாள் அதே பயணச்சீட்டில் ஏறிக்கொள்ளக்கூடிய பேருந்து ஒன்றை விடுமுறைக் காலத்திலாவது இயக்க வேண்டும். கெர்ரி முழுவதும் ஒரே மாவட்ட மன்றத்தின் கீழ் இருக்கிறது. நம் கடலோரமோ மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களோடு புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலையும் உள்ளடக்கியது என்பதால், இரு அரசுகளும் கலந்து பேசாமல் இது நடவாது. தரங்கம்பாடியிலும் வேதாரண்யத்திலும் உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் விருந்தினருக்கு அறை கொடுப்பதற்கான அனுமதியை எளிமையாக்க வேண்டும். 2023-இல் மீண்டும் தொடங்கிய திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி ரயிலின் நேரத்தைச் சரணாலயம் திறக்கும் நேரத்தோடு பொருத்துவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. முத்துப்பேட்டைக் காயலுக்கு ஒரு நாளில் எத்தனை பேரைப் படகில் அனுப்பலாம் என்பதை, கூட்டம் பெருகிய பிறகு யோசிக்காமல் இப்போதே கணக்கிட்டு அறிவித்துவிட வேண்டும். அந்த எண்ணைப் படகோட்டிகளையும் மீனவர்களையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாடுதுறை.