கோல்ஃப் கோச்சை முதல் கால் மணி நேரத்திலேயே எடைபோடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால் கோல்ஃப் பயிற்சி விளம்பரங்களும் வந்துவிடுகின்றன. சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள்: கோச்சின் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) என்ன, ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் இடத்தில்) லாஞ்ச் மானிட்டர் (பந்தின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவி) இருக்கிறதா? ஒருவருக்கு ஸ்விங் (பந்தை அடிக்க மட்டையை வீசும் முறை) சொல்லித்தரத் தெரியுமா என்பதை இந்த இரண்டுமே காட்டாது.

ஆடுவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. 1980களின் நடுவில் இங்கிலாந்து ஆட்டக்காரர் நிக் ஃபால்டோ தன் ஸ்விங்கை அக்கக்காகப் பிரித்துத் திருத்த நாடியது பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரை. லெட்பெட்டர் ஆட்டக்காரராகப் பெரிய பெயர் எடுத்தவர் அல்லர். அந்தத் திருத்தம் கைகூடி 1987இல் பிரிட்டிஷ் ஓபனை வெல்ல ஃபால்டோவுக்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டு பிடித்தது. 'பத்தே பாடத்தில் முழு ஸ்விங்' என்ற பலகையைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். அதே சமயம், கேடியாக (ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமப்பவராக) இருந்து மேலே வந்தவர்களை ஒதுக்கவும் வேண்டாம். 1991, 1993 என இரண்டு முறை இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். நாள் முழுக்கப் பிறர் அடிப்பதைப் பார்த்துப் பழகிய கண் லேசான சொத்து அல்ல.

சான்றிதழ் கேட்பதில் தவறில்லை. நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா பயிற்சியாளர்களுக்கு நிலைவாரியாகச் சான்றிதழ் தருகிறது. எந்த நிலை என்று நேராகவே கேளுங்கள். கிளப்பில் நன்றாக ஆடும் நண்பரிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: பயிற்சி கொடுத்துப் பணம் வாங்கினால், விதிவிலக்கான சில சூழல்கள் தவிர, அமெச்சூர் (தொழில்முறை அல்லாத ஆட்டக்காரர்) தகுதி போய்விடும். நண்பருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

உண்மையான பரீட்சை முதல் பாடத்தின் முதல் பதினைந்து நிமிடம். நல்ல கோச் வாயைத் திறப்பதற்கு முன் செவன் அயர்னில் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்பு மட்டையில்) பத்துப் பந்தாவது அடிக்கச் சொல்வார். முதுகுவலி, முழங்கை வலி, தோள்பட்டைப் பிடிப்பு உண்டா என்று விசாரிப்பார். பிறகு கிரிப்பை, அதாவது மட்டையைப் பிடிக்கும் விதத்தைப் பார்ப்பார். வலக்கைக்காரர் நின்ற இடத்திலிருந்து குனிந்து பார்த்தால் இடக்கையின் விரல் முட்டிகள் இரண்டாவது தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் பந்தைத் தொடும் நொடியில் கிளப்பின் (மட்டையின்) முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, வலப்பக்கம் திறந்துகொள்ள வாய்ப்பு அதிகம். பந்து வலப்பக்கம் வளைந்தோடும் ஸ்லைஸ் பலருக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப்பின் முகம்தான். ஸ்விங் வந்த பாதைக்கும் முகத்துக்கும் உள்ள கோண வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. பந்து ஸ்விங் பாதையிலேயே கிளம்பும் என்று பழைய காலத்தில் கற்பித்தார்கள். அளக்கும் ரேடார் கருவிகள் வந்தபின் அந்தப் பாடம் மாறிவிட்டது. இன்றும் பழைய பாடத்தையே ஒப்பிப்பவர், ஸ்லைஸ் அடிப்பவரை 'இன்னும் இடப்பக்கம் குறிவைங்க சார்' என்பார். அப்படிச் செய்தால் ஸ்விங் வெளியிலிருந்து உள்ளே இன்னும் குறுக்காக வெட்டும், ஸ்லைஸ் கூடும்.

டிரைவரில், அதாவது அதிகத் தூரம் அடிக்கும் நீளமான கிளப்பில், இன்னொரு சிக்கல் உண்டு. பந்து முகத்தின் நடுவில் படாமல் குதிப்பக்கம் (தண்டு சேரும் பக்கம்) பட்டால், ஸ்விங்கில் பெரிய கோளாறு இல்லாவிட்டாலும் பந்து வலப்பக்கம் வளையும். கவனமான கோச் ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்புறம் ஒரு பொட்டு வைத்து அடிக்கச் சொல்வார். மை டிரைவர் முகத்தில் எங்கே ஒட்டுகிறது என்று ஐந்தாறு அடியில் தெரிந்துவிடும். சில ரூபாய் சமாச்சாரம். இதைப் பார்க்காமலே ஸ்விங் பாதையைத் திருத்தக் கிளம்புபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பந்தின் தலையில் பட்டு அது தரையோடு உருண்டு ஓடினால் ரேஞ்ச் எங்கும் ஒலிக்கும் ஒரே மந்திரம், 'தலையைத் தூக்கிட்டீங்க.' பெரும்பாலும் தலை குற்றவாளி அல்ல. உடம்பு மேலே எழும்பியிருக்கும், இல்லை கைகள் மடங்கியிருக்கும், இல்லை கிளப் தன் வீச்சின் மிகத் தாழ்ந்த புள்ளியைப் பந்துக்கு முன்பே தொட்டுவிட்டு மேலே வரும்போது பந்தில் பட்டிருக்கும். எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே கோச்.

போனில் வீடியோ எடுப்பது நல்லதே. எடுக்கும் விதம் முக்கியம். பின்பக்கமிருந்து எடுக்கும்போது போன் கை உயரத்தில், குறிக்கோட்டுக்கு (பந்திலிருந்து இலக்கை நோக்கிய கோட்டுக்கு) இணையாக, கைகளுக்கு நேரே இருக்க வேண்டும். கிட் பேக்கில் சாய்த்துத் தரையிலிருந்து எடுத்தாலோ, ஒரு அடி தள்ளி வைத்தாலோ சரியான ஸ்விங்கும் கோணலாகத் தெரியும். அந்தப் படத்தில் கோடு போட்டு விளக்குவது வீண்.

செயற்கைப் புல் விரிப்பில் மட்டுமே பாடம் நடந்தால் கவனியுங்கள். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் அடித்தாலும் விரிப்பில் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும்; மண்ணில் அதே அடி புதைந்து நிற்கும். அயர்னில் டிவட் (கிளப் புல்லைப் பெயர்த்த தடம்) பந்து இருந்த இடத்துக்கு முன்னால் விழுகிறதா என்று புல்தரையில் ஒருமுறையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

பாடம் முடியும்போது திருத்தம் ஒன்றுதான் கையில் இருக்க வேண்டும், அதற்கு ஒரு பயிற்சியும். ஐந்து சொன்னால் அடுத்த வாரம் ஒன்றும் நிற்காது. முதலிலேயே பத்துப் பாடத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். இரண்டுக்குக் கட்டிப் பாருங்கள். பிடித்துவிட்டால் ஐந்தாறு பாடமாவது பொறுங்கள். மாற்றிய கிரிப் முதலில் அசௌகரியமாகவே இருக்கும், பந்தும் முன்னைவிட மோசமாகப் போகலாம். அதற்காகக் கோச்சை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் கிளப்பை அறுத்துக் கொடுக்கும் பயிற்சியாளரைத் தவிருங்கள். அறுத்த தண்டு விறைப்பாகிவிடும், தலையின் கனம் மட்டும் குறையாது. அதைச் சமாளிக்கக் குழந்தை உடம்பையே வளைத்து அடிக்கப் பழகும்.

பயிற்சி தரும் கிளப்புகளுக்குத் தங்கள் வழியாக ஒரு வேண்டுகோள்: பயிற்சியாளரின் சான்றிதழ் நிலை, ஒரு பாடம் எத்தனை நிமிடம், பந்து பக்கெட்டின் விலை கட்டணத்தில் சேர்த்தியா தனியா என்ற மூன்றையும் ரேஞ்ச் வாசலில் தமிழில் எழுதி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவை