கடிதங்களைச் சேர்ப்பித்த படைப்பிரிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பெண்களின் பணி குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, ஆயுதத் தொழிற்சாலைகளையும் செவிலியரையும் தாண்டாதது குறையே. 1945இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில், பெரும்பாலும் கறுப்பினப் பெண்களைக் கொண்ட, அமெரிக்க ராணுவத்தின் 6888ஆவது அஞ்சல் படைப்பிரிவு, தேங்கிக் கிடந்த படைவீரர் கடிதங்களை, ஆறு மாத அவகாசம் இருந்தும் மூன்றே மாதங்களில் பிரித்து அனுப்பியது. ஒரே பெயர் கொண்ட ஆயிரக்கணக்கான வீரர்களை, அட்டைகளில் பதிந்த, ஒவ்வொருவருக்கும் உரிய ராணுவ எண்களைக் கொண்டே அவர்கள் பிரித்தறிந்தனர். ஒரே தெருவில் இரண்டு முருகேசன்கள் இருந்தாலே கடிதம் இடம் மாறிப் போவதை ஆர்.எம்.எஸ். (ரயில்வே அஞ்சல் சேவை) ஊழியனாக நான் கண்டிருக்கிறேன். அப்படைப்பிரிவினருக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கும் சட்டம் 2022இல்தான் (எத்தனை தாமதம்!) நிறைவேறியது. உலக அஞ்சல் நாளான அக்டோபர் 9 அன்று இப்படைப்பிரிவைப் பற்றித் தனிக்கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

– அஞ்சல் துறை ஓய்வூதியர், திருச்சி